இனாண்டா அணையில் பாஸ் மீன்: எந்த மாதம், எந்தக் கரை?

சாட்ஸ்வர்த் பையன் | ஆகஸ்ட் 23, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கடல் மீன்பிடிப்பு எனக்குப் புதிதல்ல. எங்களுடையது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், துறைமுகத்தை ஒட்டிய ஃபின்லேண்ட்ஸில் வலை இழுத்த குடும்பம். 1960களில் அங்கிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். வலை போய்விட்டது, தூண்டில் மட்டும் மிஞ்சியது. ஜூனில் சார்டின் கூட்டம் கரைக்கு வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதை அப்பாவிடம் கற்றேன்.

இந்த வருடம் வேலையிடத்து நண்பன் ஒருவன் பேச்சைக் கேட்டு, இனாண்டா அணையில் பெருவாய் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கக் கிளம்பினேன். நான்கு முறை போய்விட்டேன். ஒரு மீன்கூட இல்லை.

முதல் இரண்டு முறை ஜூலையில். அமெரிக்கக் காணொளி ஒன்றில் 'ஜூலையா? விடியற்காலையில் தவளை இரையை நீரின் மேல் இழு' என்றார்கள். இழுத்தேன். மூடுபனியில் விரல் விறைத்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர்களுடைய ஜூலை கோடை என்பது உறைத்தது. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

பிறகு ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போட்டேன். ஆகஸ்ட் என்றால் அவர்களுடைய பிப்ரவரி. பிப்ரவரிப் பாடத்தில் 'வடகரைக்குப் போ, அங்கேதான் தண்ணீர் முதலில் சூடாகும்' என்று இருந்தது. வடகரையில் இரண்டு சனிக்கிழமைகள் நின்றேன். மீன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, கடையில் புதிது என்று கொடுத்த தூண்டில் நரம்பு இரண்டாவது வீச்சிலேயே அறுந்தது. எத்தனை வருடம் கண்ணாடிப் பெட்டியில் வெயில் காய்ந்ததோ!

எங்கே தவறு செய்கிறேன்?

---

ஈயக்குண்டு | ஆகஸ்ட் 24, காலை 5.15

தம்பி, மாதத்தைத் திருப்பிவிட்டீர்கள், திசைகாட்டியைத் திருப்ப மறந்துவிட்டீர்கள்.

அமெரிக்காவில் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். அதனால் தெற்குப் பார்த்த கரைக்கு, அதாவது ஏரியின் வடகரைக்கு, நாள் முழுக்க வெயில் கிடைக்கும். அவர்களுக்குக் குளிர்காற்றும் வடக்கிலிருந்து வருகிறது. வடகரை மேடு அதையும் மறைத்துக் கொள்கிறது. நமக்கு எல்லாம் தலைகீழ். சூரியன் வடக்கே நிற்கிறது, குளிர்முகம், அதாவது திரண்டு வரும் குளிர்காற்று, தென்மேற்கிலிருந்து ஏறுகிறது. ஆகவே நீங்கள் நிற்க வேண்டியது தென்கரையில், வடக்குப் பார்த்துச் சரியும் விரிகுடாக்களில். நீங்கள் நின்ற வடகரையில் மலை நிழல் எத்தனை மணிக்கு விலகியது என்று நினைவிருக்கிறதா?

இரண்டாவது சங்கதி. ஆறு மாதம் தள்ளினால் போதும் என்பதும் பாதிதான் சரி. அமெரிக்காவில் எந்த ஊரைத் தள்ளுகிறீர்கள்? டென்னசியின் பிப்ரவரி வேறு, புளோரிடாவின் பிப்ரவரி வேறு. உம்கேனி ஆற்றிலேயே பாருங்கள்: மிட்மார் அணை கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல், ஆல்பர்ட் ஃபால்ஸ் அதற்குக் கீழே, நேகல் இன்னும் கீழே, கடைசியில் இனாண்டா, டர்பனுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான பள்ளத்தாக்கில். ஒரே ஆறு, ஒரே நாள். ஆனாலும் மிட்மாரில் குளிர்காலம் முடியாதபோது இனாண்டாவில் வசந்தம் தொடங்கியிருக்கும். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருப்பதால் இதை வருடாவருடம் காரிலேயே பார்க்கிறேன்: ஆகஸ்ட் கடைசியில் கீழே இறங்குவேன், அக்டோபரில் மேலே ஏறுவேன். வசந்தத்தை இரண்டு முறை பிடித்துக்கொள்ளலாம்.

நாள்காட்டியைக் கீழே வையுங்கள். நூறு ரூபாய்க்கு, மன்னிக்கவும், நூறு ராண்டுக்கு ஒரு வெப்பமானி வாங்கி நூலில் கட்டித் தண்ணீரில் விடுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே பாஸ் ஏறக்குறைய தூங்கிவிடும். பன்னிரண்டு, பதின்மூன்றில் ஆழத்திலிருந்து நகரத் தொடங்கும். பதினாறு தாண்டினால் ஆண்மீன் கூடு கட்ட இடம் பார்க்கும். மீனுக்கு ஆகஸ்டும் தெரியாது, ஆவணியும் தெரியாது.

---

நெல்லைக்காரன் | ஆகஸ்ட் 24, காலை 11.02

ஈயக்குண்டு அண்ணா சொன்னதற்கு ஒரு சாட்சி. நான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹார்ட்பீஸ்பூர்ட் அணை. இங்கே ஆகஸ்டில் காலைத் தண்ணீரில் கை வைத்தால் தாமிரபரணியில் மார்கழி மாதம் குளித்ததுகூட இதமாகத் தோன்றுகிறது. எங்கள் மீன்கள் செப்டம்பர் நடுவில்தான் கரையேறும். அதற்கும் ஆகாயத்தாமரை வழிவிட வேண்டும்.

ஊரில் குளத்து ஜிலேபியை மண்புழு வைத்துப் பிடித்தவன் நான். ரப்பர் புழுவை மீன் நம்பும் என்பதை ஏற்றுக்கொள்ளவே ஒரு வருடம் பிடித்தது.

---

சாட்ஸ்வர்த் பையன் | ஆகஸ்ட் 24, மாலை 6.30

திசை மாறும் என்பது தோன்றவே இல்லை. சிறுவயதில் வீட்டுச் சுவரில் துணி காயவைக்கும் ஆயாவுக்குக்கூட வடக்குச் சுவர் எது என்று தெரியும்.

அண்ணா, அப்படியானால் வருடம் முழுவதற்கும் ஒரு கணக்குச் சொல்லுங்கள். நாள்காட்டியைக் கீழே வைக்கச் சொன்னீர்கள், சரி. ஆனால் ஷிப்ட் வேலை செய்பவன் விடுப்பு எழுதிக் கொடுக்கத் தேதி வேண்டுமே.

---

ஈயக்குண்டு | ஆகஸ்ட் 25, காலை 4.50

நியாயம்தான். இனாண்டாவை மட்டும் வைத்து எழுதுகிறேன். இங்கே எல்லோர் வீட்டிலும் கோயில் நாள்காட்டி மாட்டியிருக்கும் என்பதால் நம் விசேஷங்களையே அடையாளமாக வைக்கிறேன்.

மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் ஆடியில் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும், மிகத் தெளிந்தும் இருக்கும். நம் மாகாணத்தில் மழை கோடையில் பெய்வதால் குளிர்காலத்தில் ஆறு சேறு கொண்டுவருவதில்லை. தெளிந்த நீரில் மீன் உங்களைப் பார்க்கும். மெல்லிய நரம்பு, சிறிய இரை. பழைய ஆற்றுப்படுகை ஓரத்தில், ஆறிலிருந்து பத்து மீட்டர் ஆழத்தில் டிராப்ஷாட் (அடியில் ஈயம், அதற்கு மேல் கொக்கி) கட்டி, இரையை நகர்த்தாமல் நடுங்க மட்டும் விடுங்கள். விடியலில் எழ வேண்டாம். நண்பகலுக்குப் போங்கள். பெரிய மீன்கள் சில இந்தச் சலிப்பூட்டும் மாதத்தில்தான் கிடைத்திருக்கின்றன.

ஆவணி, அதாவது இப்போது. என்னைக் கேட்டால் வருடத்தின் சிறந்த ஐந்து வாரம் இதுதான். பெட்டைகள் சினை தாங்கி, ஆழத்துக்கும் கரைக்கும் நடுவே மேடுகளிலும் முனைகளிலும் காத்து நிற்கும். வயிறு பசிக்கும், ஆனால் உடம்பு இன்னும் வேகம் பிடிக்காது. அதனால் ஜிக்கை, அதாவது ஈயத்தலை வைத்த கொக்கி இரையை, தரையில் மெதுவாக இழுக்க வேண்டும். நிறம் பழுப்பு. அமெரிக்காக்காரன் ஜிக்கை ஆற்று இறால் போல இழுக்கிறான். நம் அணையில் பாறைக்கடியில் இருப்பது நண்டு. நண்டு துள்ளாது, பக்கவாட்டில் ஊர்ந்து நிற்கும். அப்படி இழுங்கள்.

இந்தப் பருவத்தில் பெர்க் காற்றைக் கவனியுங்கள். உள்நாட்டு மலைகளிலிருந்து சூடாக, வறண்டு இறங்கும் அந்தக் காற்று அடித்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ குளிர்முகம் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தச் சூடான பிற்பகலில் மீன் வெறிகொண்டு தின்னும். காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசி, வானம் கழுவிவிட்டது போல நீலமாகிவிட்டால் வீட்டில் இருந்து புல் வெட்டுங்கள்.

புரட்டாசியில் கூடு. அதைப் பற்றிச் சண்டை வரும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் முட்டையிட்டுக் களைத்த பெட்டைகள் ஒரு வாரம், பத்து நாள் எதையும் தொடாது. பிறகு இழந்ததை ஈடுகட்டத் தின்னும். மழை தொடங்கி நீர் கலங்கும்போது பளபளவென்று சுழலும் ஸ்பின்னர்பெய்ட் இரை.

தைப்பூசக் காவடி நேரம் கொடும் வெயில். மேல்நீர் சூடாகி, கீழ்நீர் குளிர்ந்து, இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். கீழடுக்கில் பிராணவாயு குறைந்துவிடும். 'வெயிலுக்கு மீன் ஆழத்துக்குப் போகும்' என்று பன்னிரண்டு மீட்டரில் இரை போடுகிறவர்கள் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்த எல்லைக்கு மேலே, ஐந்து ஆறு மீட்டர் விளிம்பில் தேடுங்கள். விடியலிலும் அந்தியிலும் உங்கள் தவளையை இப்போது இழுக்கலாம். ஒரு எச்சரிக்கை: நம் கோடைப் பிற்பகல் இடி விளையாட்டல்ல. கார்பன் தூண்டில்கோல் மின்னலுக்கு நல்ல கம்பி. முதல் உறுமலிலேயே கரையேறுங்கள்.

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும்போது அணையில் இடம் தாராளமாக இருக்கும். அது இலையுதிர் காலத் தொடக்கம். குஞ்சுத் திலாப்பியா கூட்டங்களைப் பாஸ் கரையோரம் துரத்தும். கண்ணால் பார்த்தே இரை வீசலாம். அன்று கோயிலுக்குப் போகாமல் அணைக்குப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

---

வெருளம் ஆயா | ஆகஸ்ட் 25, மாலை 3.10

நடப்பதை நான் சொல்கிறேன்: சோறு கிடைக்காது.

பேரன் திறந்து வைத்துவிட்டுப் போன பக்கத்தில் இதைப் படித்தேன். புரட்டாசியில் கூடு என்று நிறுத்திவிட்டீர்களே, தம்பி. அந்த மாதம் எங்கள் தெருவில் முட்டைகூட வாங்க மாட்டார்கள். நீங்கள் தூண்டிலோடு போவீர்களா?

---

ஈயக்குண்டு | ஆகஸ்ட் 25, இரவு 8.25

ஆயா, வணக்கம். இதற்குத்தான் தனியாக எழுதுகிறேன் என்றேன்.

நம் முன்னோர் 1860இல் கப்பலேறும்போது மாதங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரில் புரட்டாசி மழைக்கு முந்திய மாதம். இங்கே வந்ததும் அது வசந்தமாகிவிட்டது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை நாம் மீன் சாப்பிடாமல் இருக்கும் அதே நாள்களில்தான் இனாண்டாவில் பாஸ் கூடு கட்டுகிறது. யாரும் திட்டமிடவில்லை, அப்படிப் பொருந்தியிருக்கிறது.

ஆண்மீன் முழங்கால் ஆழத்திலிருந்து ஆள் ஆழம் வரை உள்ள இடத்தில், வாலால் மண்ணை விசிறி, முறம் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ வட்டமாகத் துப்புரவு செய்யும். பெட்டை வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். போனது போனதுதான். அதன்பின் காவல் முழுக்க அப்பன் வேலை. முட்டை பொரிக்கச் சில நாள், குஞ்சு கூட்டமாக நீந்தக் கற்க இன்னும் சில நாள். அதுவரை அது ஒழுங்காகத் தின்பதுகூட இல்லை. கூட்டின் மேல் எது விழுந்தாலும் வாயால் எடுத்து வெளியே துப்பும். நீங்கள் போடும் ரப்பர் பல்லியையும் அப்படித்தான் எடுக்கிறது. பசியால் அல்ல.

அதைத்தான் சிலர் திறமை என்கிறார்கள். நான் கூட்டின் மேல் இரை போடுவதில்லை. அந்த மாதம் கோலை எடுத்துக்கொண்டு மிட்மார் பக்கம் போய், இன்னும் கூடு கட்டாத மீனைத் தேடுவேன். பிடித்து விட்டுவிடுவேன். அதற்கே என் மனைவி பேச மாட்டாள்.

---

நெல்லைக்காரன் | ஆகஸ்ட் 26, காலை 10.44

அண்ணா, இதில் எனக்கு உடன்பாடில்லை. விரதம் என்பது வாய்க்கு. மீனைத் தின்னப்போவதில்லை, ஒரு நிமிடத்தில் திரும்ப விடப்போகிறேன். கூட்டில் இருக்கும் மீன் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். அதைக் கோபப்படுத்தி எடுக்க வைப்பது எளிதென்று நினைக்காதீர்கள், சில மீனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். உலகச் சாதனை அளவு மீன் 1932இல் ஜார்ஜியாவிலும் 2009இல் ஜப்பானின் பிவா ஏரியிலும் கிடைத்தது. இரண்டும் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அப்படி ஒன்றைக் கூட்டில் கண்டால் நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போவீர்களா?

---

வெருளம் ஆயா | ஆகஸ்ட் 26, மாலை 2.20

வாய்க்கு மட்டும்தான் விரதம் என்றால் ஒரு மாதம் பேசாமலும் இருக்கலாமே, தம்பி. பிள்ளைக்குக் காவல் நிற்பவனைக் கொக்கியில் தூக்கி, படம் எடுத்து, திரும்பப் போட்டால் அவனுக்கு அது விளையாட்டா?

பத்துக் கிலோ மீனை நான் கண்டால் கறிவேப்பிலை வாங்கப் போவேன். ஐப்பசி பிறந்த பிறகு.

---

சேற்றுக்கால் | ஆகஸ்ட் 26, இரவு 10.05

நான் நன்னீர் உயிரியல் படிக்கிறேன், உள்ளே வருகிறேன்.

ஆயா கேட்ட கேள்விக்கு ஒரு நேரடி விடை உண்டு. ஆண்மீனைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே சுற்றியிருக்கும் சிறு மீன்கள் முட்டைக்குள் புகுந்துவிடும். அதிக நேரம் வெளியே வைத்திருந்தால், வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டால், பல ஆண்மீன்கள் கூட்டைக் கைவிட்டுவிடுகின்றன. இது நன்றாகப் பதிவான விஷயம். ஆனால் ஒரு கூடு அழிவதும் ஏரியில் மீன் குறைவதும் ஒன்றல்ல. ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டை. பொரித்ததில் பெரும்பகுதி எப்படியும் வேறு மீன்களுக்கு இரை. மொத்த எண்ணிக்கையில் பாதிப்பு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை.

யாரும் பேசாத இன்னொன்றும் இருக்கிறது. இந்த மீன் இந்த நாட்டுடையது அல்ல. 1928இல் கொண்டுவந்து கேப் மாகாணத்தின் ஜோங்கர்ஸ்ஹூக் மீன்பண்ணையில் வளர்த்து, அங்கிருந்து நாடெங்கும் பரப்பினார்கள். கேப்பின் மலை ஓடைகளில் விரல் நீளச் செந்துடுப்பு மீன்கள் பல இடங்களில் இல்லாமலே போனதற்கு பாஸ் இனங்கள் பெரிய காரணம். ரோண்டகாட் ஆற்றில் 2012இல் மருந்து ஊற்றிச் சிறுவாய் பாஸை ஒழித்த பிறகு நாட்டு மீன்கள் திரும்பி வந்தன. அதனால் கூட்டில் இருக்கும் பாஸுக்காக நீங்கள் எல்லோரும் உருகுவதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

இனாண்டா செயற்கை அணைதான். அங்கே இனி பாஸை எடுக்க முடியாது, எடுக்கவும் யாரும் கேட்கவில்லை. ஆனால் உயிருள்ள மீனைப் பையில் போட்டு வேறு ஓடைக்கோ பண்ணைக் குட்டைக்கோ கொண்டுபோவது சட்டப்படியும் குற்றம், இயற்கைக்கும் கேடு. கூட்டு மீனைத் தொடுவதைவிட அது நூறு மடங்கு மோசம்.

சாட்ஸ்வர்த் அண்ணா, கரையோரப் புல்லுக்குள் முழங்கால் அளவு இறங்கி நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் மாகாணத்துத் தேங்குநீர் நத்தைகளில் பில்ஹார்சியா இருக்கிறது, தோல் வழியே உடலுக்குள் புகும் ஒட்டுண்ணிப் புழு.

---

ஈயக்குண்டு | ஆகஸ்ட் 27, காலை 5.00

சேற்றுக்கால் சொல்வது சரி. அந்நிய மீன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அணையில் எதுதான் இயல்பாக வந்தது? 1980களின் கடைசியில் சுவர் எழுப்பியபோது பள்ளத்தாக்கில் இருந்த சுலு குடும்பங்களைக் கிளப்பினார்கள். நான் ஜிக் இழுக்கும் இடத்தில் பழைய வண்டிப்பாதை கீழே கிடக்கிறது. ஆழம் காட்டும் எதிரொலிக் கருவியில் கோடு போலத் தெரியும். மீன் அங்கே நிற்கிறது, நானும் அங்கேயே போடுகிறேன். சில நாள் அதை நினைத்துக்கொண்டே.

கடலில் நமக்குக் கேள்வியே இல்லை. ஷாட் மீனுக்கு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் தடை, யாரும் வாதாடுவதில்லை. அணையில் பாஸுக்குச் சட்டம் பேசாததால் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

சாட்ஸ்வர்த் பையன் | செப்டம்பர் 7, இரவு 8.15

தென்கரை. வெப்பமானி காலை ஒன்பதுக்கு 16, பகல் ஒன்றுக்கு 18 காட்டியது. முந்திய நாள் பெர்க் காற்று. பழுப்பு ஜிக், நண்டு நடை. மூன்று மீன்! பெரியது ஒன்றே முக்கால் கிலோ, வயிறு பந்து போல. கொத்தியதே தெரியவில்லை, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது, ஏதோ செடி என்று நினைத்து இழுத்தேன், செடி குதித்தது.

மூன்றையும் விட்டுவிட்டேன். அம்மா நம்பவில்லை. மூன்றும் ஒன்றே முக்கால் கிலோ என்றும் நம்பவில்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை.

---

நெல்லைக்காரன் | செப்டம்பர் 8, காலை 9.30

வாழ்த்துகள். இங்கே இன்னும் 13. ஆகாயத்தாமரையில் ஒரு நாரை நடந்து போகிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

---

சாட்ஸ்வர்த் பையன் | செப்டம்பர் 28, மாலை 7.50

புரட்டாசி. கோல் எடுக்காமல்தான் போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. ஆயா சொன்னதற்காக அல்ல. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். நிறக்கண்ணாடி போட்டுக்கொண்டு தென்கரையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்தோம். முதல் அரைமணி ஒன்றும் தெரியவில்லை. பிறகு மகள்தான் காட்டினாள்: புல்லுக்கு நடுவே வெளிறிய வட்டம், மேலே கறுப்பாக ஒரு மீன். ஒரு கிலோகூட இருக்காது.

ஒரு திலாப்பியா நெருங்கினால் பாயும். திரும்பி வந்து அதே இடத்தில் நின்று துடுப்பை ஆட்டும். காய்ந்த இலை ஒன்று வட்டத்துக்குள் இறங்கியது. வாயில் கவ்வி வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டு வந்தது. மகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். பெயரை இங்கே எழுதினால் என் மாமனார் கோபித்துக்கொள்வார்.

அதற்குச் சற்றுத் தள்ளி, ஆழம் கறுக்கும் இடத்தில், பெரிய நிழல் ஒன்று இரண்டு முறை வந்து போனது. நெல்லைக்காரன் அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேன். கை அரித்தது.

---

வெருளம் ஆயா | செப்டம்பர் 28, இரவு 9.05

அரிக்கட்டும். ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. சேற்று நாற்றம் போக உப்பும் எலுமிச்சையும் போட்டு மூன்று தண்ணீர் கழுவ வேண்டும், புளி கொஞ்சம் தூக்கலாக. நடுத்தர மீன் ஒன்று போதும். சேற்றுக்கால் பெண்ணுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

---

சேற்றுக்கால் | செப்டம்பர் 28, இரவு 9.20

ஆட்சேபமே இல்லை, ஆயா. முகவரி அனுப்புங்கள்.

---

சாட்ஸ்வர்த் பையன் | செப்டம்பர் 28, இரவு 9.41

அந்த நிழல் வந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். நுழைவாயிலிலிருந்து இடப்பக்கம் நடந்தால், இரண்டாவது விரிகுடா தாண்டி, காய்ந்த மரம் ஒன்று நீருக்குள்

---

ஈயக்குண்டு | செப்டம்பர் 28, இரவு 9.43

தம்பி, அதை உடனே அழியுங்கள். தனிமடல்.